இந்த ஊதா யாருடையது?

வெளிறிய வானத்தின் முன் சீமைக் கருவேல முள், வெள்ளைச் சுவரின் முன் கறுப்புக் கம்பி, கறுத்த வானத்தில் வெள்ளைப் பொறி. வெளிச்சமும் இருட்டும் சட்டென்று சந்திக்கும் இப்படியான இடங்களில் டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல படங்களில் அந்த ஓரத்தை ஒட்டி ஊதாவோ பச்சையோ சிவப்போ மெல்லிய கோடாக ஓடும். எடுத்த பொருளில் அந்த நிறம் இருந்திருக்காது. இயற்பியல் பாடப் புத்தகத்தில் இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். நான் தொழில் பழகிய சிவகாசி அச்சகத்தில் ‘ஓரத்துல கலர் அடிக்குது’ என்பார்கள்.

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகப் பஸ் பிடித்து சிவகாசிக்கு வேலைக்குப் போகும் பெண்களில் நானும் ஒருத்தி. டி.டி.பி. படித்திருந்தேன். எழுத்துக் கோக்கத் தெரியும், படம் திருத்தத் தெரியாது. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கிற ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், படங்களைத் திருத்திப் பிளேட்டுக்கு அனுப்பும் பிரிவில் சேர்ந்தேன். அங்கே கலர் கரெக்‌ஷன் பார்த்தவரை முதலாளி முதல் பேப்பர் அடுக்குகிறவர் வரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபிலிமில் பாசிட்டிவ் எடுத்துப் பிளேட் போட்ட காலத்து ஆள். கம்ப்யூட்டரைப் பின்னால் கற்றுக்கொண்டவர். அதனாலேயே எந்தக் கோளாறையும் மவுஸைத் தொடுவதற்கு முன் கண்ணால் விசாரிப்பார்.

சிவகாசியில் இவ்வளவு கலர் வேலை சேர்ந்ததற்குக் காரணம் தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னால் வந்த பட்டாசுக்கு அதைவிடப் பகட்டான லேபிள் வேண்டும். அந்தத் தேவையை ஒட்டி அச்சுத் தொழில் வளர்ந்தது. காலண்டரும் டைரியும் சேர்ந்துகொண்டன. நாங்கள் சின்ன வயதில் பார்த்த காலண்டர்களில் பெரும்பாலும் ஓவியங்கள்தான். கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கின. ஓவியத்தில் ஓரத்து நிறமும் ஓவியர் வைத்ததுதான். புகைப்படத்தில்தான் யாரும் வைக்காத நிறம் ஓரத்தில் வந்து உட்காரும். அதை வைத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் நான் கற்ற தொழிலின் முக்கால் பங்கு. நீக்குவது மீதிக் கால் பங்கு.

பாடம் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியிலிருந்து தொடங்கியது. மெஷின் ரூமிலிருந்து ஒரு ஷீட் வரும். பெட்டிப் படத்தின் ஓரத்தில் மெஜந்தா தெரியும். பிரிண்டிங் சரியில்லை என்பார் போட்டோ எடுத்தவர். போட்டோ சரியில்லை என்பார் மெஷின்மேன். “ஆளுகளை விடும்மா, ஷீட்டைக் கேளு. அது பொய் சொல்லாது” என்று லூப்பைக் கையில் கொடுப்பார் அண்ணாச்சி.

ஷீட்டை எப்படிக் கேட்பது? ஆஃப்செட்டில் சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகள். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாக விழுந்தால்தான் ஒரு படம். ஷீட்டின் ஓரங்களில் இருக்கும் கூட்டல் குறிகள் நான்கு நிறத்திலும் ஒரே கோடாகத் தெரிந்தால் ரெஜிஸ்டர் சரி. குறி இரட்டையாகத் தெரிந்தால் ரெஜிஸ்டர் அவுட். பிளேட் விலகியிருந்தால் விலகல் ஷீட் முழுவதும் ஒரே பக்கமாக இருக்கும். எல்லாப் பொருளுக்கும் இடது ஓரத்தில் மெஜந்தா என்றால் அது மெஷின் வேலை. லென்ஸின் வேலை அப்படி இராது. படத்தின் நடுவில் சுத்தமாக இருக்கும். மூலைக்குப் போகப் போகக் கூடும். இடது பாதியிலும் வலது பாதியிலும் திசை எதிரெதிராக இருக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆஃப்செட்டில் தண்ணீர் ஓடுகிறது. ஈரம் குடித்த தாள் கொஞ்சம் விரியும், அதுவும் மெஷினில் கடைசியாகப் போகும் வால் பக்கம் கூடுதலாக. அப்போது இடது மூலையில் நிறம் இடது பக்கமும், வலது மூலையில் வலது பக்கமும் விலகும். பார்க்க லென்ஸ் கோளாறு மாதிரியே இருக்கும். இங்கே வழக்கைத் தீர்ப்பது லேபிள்தான். ஒரு ஷீட்டில் ஒரே லேபிள் பல தடவை வரிசையாக விழுந்திருக்கும். லென்ஸ் கோளாறு என்றால் ஒவ்வொரு லேபிளிலும் அதே இடத்தில் அதே கோடு திரும்பத் திரும்ப வரும். தாள் விரிந்தது என்றால் லேபிள் எல்லையை மதிக்காமல் ஷீட் முழுவதும் பரவும். நம் கையில் இருக்கும் லூப்பும் சந்தேகத்துக்கு உரியதே. மலிவான லூப்பின் விளிம்பு வழியாகப் பார்த்தால் நல்ல ஷீட்டிலும் நிறக்கோடு தெரியும். நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கோளாறு ஃபைலில்தான் என்று முடிவான பிறகே லென்ஸ் பாடம். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைப்பதில்லை. சாதாரண குரௌன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சிவப்புப் பக்கம், 656 நானோமீட்டரில், 1.514; நீலப் பக்கம், 486 நானோமீட்டரில், 1.522. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஒற்றைக் கண்ணாடியில் 50 மி.மீ. லென்ஸ் செய்து பாருங்கள். சிவப்பு குவியும் இடத்துக்கும் நீலம் குவியும் இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய முக்கால் மி.மீ. இடைவெளி விழும். கேமராவுக்கு அது மலையளவு. நியூட்டனே இதைத் தீர்க்க முடியாது என்று முடிவு கட்டி, லென்ஸை விட்டுவிட்டு 1668இல் உலோக ஆடி வைத்த தொலைநோக்கி செய்தார். பிறகு இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹால், குரௌன் கண்ணாடியையும் ஃபிளின்ட் கண்ணாடியையும் சேர்த்தால் ஒன்றின் கோளாறை மற்றொன்று சரிக்கட்டும் என்று கண்டார். ஜான் டாலண்ட் அதற்கு 1758இல் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபே 1886இல் ஃபுளோரைட் படிகம் சேர்த்து, மூன்று நிறங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் நுண்ணோக்கி லென்ஸ்களைக் கொண்டுவந்தார். அந்த ரகத்துக்கு அப்போகுரோமாட் என்று பெயர்.

இந்த இடத்தில் அண்ணாச்சி தன் காலத்துக் கதையைச் சொல்வார். ஸ்கேனர் வருவதற்கு முன் புராசஸ் கேமரா என்ற பெரிய கேமராவில் ஓவியத்தை வைத்து, சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் போட்டுத் தனித்தனியாக எடுத்து நிறம் பிரிப்பார்கள். அந்தக் கேமராக்களின் லென்ஸ் பெயரிலேயே ‘அப்போ’ என்று இருக்கும்: அப்போ நிக்கோர், அப்போ ரோனார் என்று. “எதுக்கு அவ்வளவு விலை குடுத்தாங்கன்னு நினைக்கிறே? சிவப்புப் படம் ஒரு சைஸ், நீலப் படம் ஒரு சைஸ்னு வந்தா எந்த மெஷின்மேன் வந்தாலும் ரெஜிஸ்டர் உட்காராதும்மா.” எனக்கு விஷயம் பிடிபட்டது அந்த ஒரு வாக்கியத்தில்தான். டிஜிட்டல் கேமராவின் சென்சாரும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படங்களாகத்தான் பிடிக்கிறது. மூன்றும் ஒரே அளவில் வராவிட்டால் அது கேமராவுக்குள்ளேயே நடந்துவிட்ட ரெஜிஸ்டர் அவுட்.

இது நிறப்பிறழ்ச்சியின் முதல் வகை, பக்கவாட்டுப் பிறழ்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தை அகலக் கோண லென்ஸில் எடுத்த காலண்டர் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஃபிரேமின் மேல் மூலையை ஒட்டி வரும் விளிம்புகளுக்கு ஒரு பக்கம் சிவப்பும் எதிர்ப்பக்கம் சையானும் கோடு கட்டும். லென்ஸின் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் இது குறையாது. நடுவில் எப்போதும் இருக்காது.

இரண்டாவது வகை நெடுக்குப் பிறழ்ச்சி. மூன்று நிறங்களும் ஒரே தூரத்தில் குவியாததால் வருவது. கம்பி மத்தாப்புப் பெட்டிகளைச் சாய்வாக வரிசை கட்டி, துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் வெள்ளை எழுத்துகளில் மெஜந்தா சாயலும் பின்னால் இருப்பவற்றில் பச்சைச் சாயலும் ஏறும். இது படத்தின் நடுவிலும் வரும். ஆனால் துவாரத்தைச் சுருக்கினால் அடங்கும். எஃப் 2இலிருந்து எஃப் 8க்குப் போனால் நிறம் கசியும் வட்டம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் ஊதா ஓரம் ஒரே காரணத்தால் வருவதில்லை. லென்ஸ்கள் வயலட் முனையை மற்ற நிறங்கள் அளவுக்குக் கட்டுப்படுத்துவதில்லை. வெளிச்சம் மிகுந்த இடத்தில் சென்சார் நிரம்பிவிடுகிறது. இரண்டும் சேரும்போது இருண்ட ஓரத்தில் ஊதா வழிகிறது. கரிசல் காட்டு உச்சி வெயிலில், வெள்ளையாகிப்போன வானத்தின் முன் கருவேலங்கிளையை எடுத்தால் இதைத் தவறாமல் பார்க்கலாம். புது லென்ஸ் வாங்குபவர்களுக்கு அண்ணாச்சி சொல்லும் பரீட்சை இதுதான்: துவாரத்தைத் திறந்து கருவேல மரத்தை ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம். செலவில்லாத பரீட்சை, மரத்துக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

இவ்வளவும் எந்த ஊர்ப் படத்துக்கும் பொருந்தும். எங்கள் ஊரின் தனிச் சிக்கல் வாணவேடிக்கைப் படத்தில் இருக்கிறது. பேன்சி ரகப் பட்டாசுகளின் பெட்டிக்கு இரவு வானத்தில் எடுத்த வெடிப்புப் படம் கேட்பார்கள். அதில் ஊதா இருந்தால் அது லென்ஸ் கொடுத்ததாகவும் இருக்கலாம், பட்டாசு மருந்து கொடுத்ததாகவும் இருக்கலாம். ஸ்ட்ரான்சியம் சிவப்பு தரும், செம்பு நீலம் தரும், சோடியம் மஞ்சள் தரும், பேரியம் பச்சை தரும். பேரியம் உப்புகளை 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த பிறகு பச்சையின் கதை மாறிவிட்டது. அலுமினியமும் மக்னீசியமும் வெள்ளை. ஸ்ட்ரான்சியமும் செம்பும் கலந்தால் ஊதா. நீலமும் ஊதாவும் பட்டாசில் கொண்டுவரக் கடினமான நிறங்கள்; வெப்பம் கொஞ்சம் கூடினால் வெளுத்துவிடும். ஒருவர் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்த ஊதாவை, கோளாறு என்று நினைத்து நான் ஒரே கிளிக்கில் சாம்பலாக்கிவிட முடியும்.

இன்னும் நுட்பமான ஒன்று. பொறி மிக வெளிச்சமாக இருந்தால் அதன் பாதையின் நடுப்பகுதி சென்சாரில் நிரம்பி வெள்ளையாகிவிடும். பொறியின் உண்மையான நிறம் இரண்டு ஓரங்களில் மட்டும் மிஞ்சும். அதாவது ஓரத்தில் தெரியும் சிவப்போ ஊதாவோதான் அந்தப் பட்டாசின் சொந்த நிறம். மென்பொருளுக்கு இது தெரியாது. வெள்ளைக் கோடு, ஊதா ஓரம் என்று பார்த்ததும் துடைத்துவிடும். மீதி இருப்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வெள்ளைக் கீற்று.

எப்படிப் பிரிப்பது? அதே ஃபிரேமில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேட வேண்டும். தெரு விளக்கு, வெள்ளைப் பொறி, வெளிச்சம் பட்ட கம்பம், எதுவானாலும் சரி. அதன் ஓரத்திலும் ஊதா இருந்தால் லென்ஸ். ஒரு வெடிப்பில் மட்டும் இருந்தால் மருந்து. அடுத்து, புகையைப் பார்க்க வேண்டும். மருந்தின் நிறம் பக்கத்துப் புகையிலும் படியும். லென்ஸின் நிறம் ஓரத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போகாது. பக்கவாட்டுப் பிறழ்ச்சியைப் பொறியின் திசையே காட்டிக்கொடுக்கும். படத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கீற்றில் நுனியில் மட்டும் நிறம் பிரியும். குறுக்கே ஓடும் கீற்றில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் சையான் என்று முழு நீளத்துக்கும் தெரியும். மருந்தின் நிறம் திசை பார்க்காது. இரண்டு ஓரத்திலும் ஒரே நிறமாக இருக்கும்.

எடுக்கும்போதே குறைப்பதற்கு வழிகள் உண்டு. வாணவேடிக்கைக்கு ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் 11 வரை, சில விநாடி ஷட்டர். ஓடும் பொறியின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது துவாரமும் ஐ.எஸ்.ஓ.வும்தான், ஷட்டர் நேரம் கீற்றின் நீளத்தைத்தான் தீர்மானிக்கும். ஆகவே துவாரத்தைச் சுருக்கினால் ஒரே அடியில் இரண்டு லாபம்: பொறி வெளுக்காது, நெடுக்குப் பிறழ்ச்சியும் அடங்கும். எஃப் 16ஐத் தாண்டினால் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து படம் மழுங்க ஆரம்பிக்கும். பெட்டிகளை எடுக்கும்போது ஜிகினாத் தாள் மின்னுவதுதான் ஊதா ஓரத்துக்கு ஊற்று. விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைப் பரப்பி, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி எடுத்தால் பாதி வேலை மிச்சம்.  ஜூம் லென்ஸின் அகலக் கடைசியைத் தவிர்ப்பதும், முக்கியப் பொருளை மூலைக்குத் தள்ளாமல் இருப்பதும் நல்லது.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில், கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலில் லென்ஸ் புரொஃபைலும் பக்கவாட்டுத் திருத்தமும். லைட்ரூமில் ஒரு டிக் போதும். இலவசமாகக் கிடைக்கும் ரா தெரபி, டார்க்டேபிள் ஆகியவற்றிலும் உண்டு. மென்பொருள் செய்வது, சிவப்புப் படத்தையும் நீலப் படத்தையும் பச்சைப் படத்தின் அளவுக்குப் பெருக்கியோ சுருக்கியோ உட்காரவைப்பது. மெஷின்மேன் ரெஜிஸ்டர் பார்ப்பதும் இதே வேலைதான். இதில் நிறம் எதுவும் அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே பட்டாசுப் படத்துக்கும் பயப்படாமல் செய்யலாம்.

டிஃப்ரிஞ்ச் என்ற ஸ்லைடர் வேறு ஜாதி. அது நாம் சொல்லும் நிறத்தை ஓரங்களில் வெளுக்கச் செய்கிறது. ஊதா என்றால் எல்லா ஊதாவும்: கத்தரிக்காய்ச் சாயல் பட்டுப்புடவைக் கரை, ஊதாப் பொறி, அம்மன் படத்தின் மாலை. ஐ டிராப்பரால் கோளாறான நிறத்தை மட்டும் தொட்டு, ஹ்யூ எல்லையைக் குறுக்கி, அளவைக் கொஞ்சமாக வைக்க வேண்டும். அப்படியும் மற்ற இடம் பாதித்தால் பிரஷ் எடுத்து அந்த ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும். அளவு கூடினால் ஊதாக் கோடு போய்ச் சாம்பல் கோடு வரும். அது அச்சில் அழுக்கு மாதிரி தெரியும். இவை முடிந்த பிறகுதான் ஷார்ப்பன் செய்வது; முன்னால் செய்தால் நிறக்கோட்டுக்கும் கூர்மை ஏறிவிடும். சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றுவது கடைசி. பளீர் ஊதா நான்கு மசியின் எல்லைக்குள் அடங்காது. மாற்றும்போது மங்கிக் கலங்கிய கோடாகிவிடும், பிறகு அதைத் தனியாகப் பிடிப்பது பெரும்பாடு.

எல்லாக் கோட்டையும் துரத்த வேண்டியதில்லை என்பதும் பாடத்தில் சேர்த்தி. 24 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 6000 பிக்சல் அகலம். 4 அங்குல லேபிளுக்கு 300 டி.பி.ஐ.யில் 1200 பிக்சல் போதும். ஐந்து பிக்சல் ஒன்றாகச் சுருங்கும்போது 3 பிக்சல் ஊதாக் கோடு இருந்த இடம் தெரியாது. அதே படம் 30 அங்குலக் காலண்டருக்குப் போனால் கோடு ஏறக்குறைய 0.4 மி.மீ. ஆகிவிடும், சுவரில் தொங்கும்போது கண்ணுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கை ஒட்டிக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊரில், அதற்கு முந்தைய வாரங்களில் நேரம்தான் பெரிய தட்டுப்பாடு. எந்தப் படம் எந்த அளவில் அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் இப்போது படத்தைத் திறக்கிறேன்.

அச்சகங்களுக்குப் படம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரா ஃபைலைக் கொடுங்கள். அது முடியாவிட்டால் வெட்டாத முழு ஜேபெக்கையாவது கொடுங்கள். பக்கவாட்டுப் பிறழ்ச்சியைச் சரிசெய்ய மென்பொருளுக்குப் படத்தின் நடு எது என்று தெரிய வேண்டும். நீங்கள் ஒரு பக்கத்தை வெட்டி அனுப்பினால் நடு இடம்பெயர்ந்துவிடுகிறது, திருத்தம் தப்பிப்போகிறது. கூடவே, எந்த வெடிப்பில் என்ன நிறம் வர வேண்டும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பட்டாசின் ஊதா பெட்டியிலும் ஊதாவாகவே இருக்கும்.